50 மணி நேரம் விளையாடியவருக்கே கன்சோல்

[திரை: வெள்ளைப் பெட்டி. அதன் மேல் மார்க்கரில் பெரிய பெருக்கல் குறி.]

2021, ஜப்பான். சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வாங்க ஒருவர் பணம் கட்டிவிட்டார். கடை ஊழியர் அவர் கண்ணெதிரிலேயே கன்ட்ரோலர் இருக்கும் உறையைக் கிழிக்கிறார், பெட்டி மேல் கிறுக்குகிறார். வேறு சில கடைகளில் வாங்கியவரின் பெயரையே எழுதிவிடுவார்கள்.

கோபமில்லை, வைத்தியம். பிளாக்கில் விற்பவருக்குப் பிரிக்காத பெட்டிதானே சரக்கு!

[திரை: 'ஸ்டாக் இல்லை' என்று காட்டும் இணையக் கடை.]

2020 நவம்பர் 12 அன்று அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5 499 டாலருக்கு வந்தது. ஒருபக்கம் கொரோனாவால் வீட்டிலேயே அடைந்து கிடந்த கூட்டம், இன்னொரு பக்கம் சிப் தட்டுப்பாடு. மறுவிற்பனைத் தளங்களில் விலை ஆயிரம் டாலர் வரை போனது. நவம்பர் 25 விற்பனையில், முதல் 30 நிமிடத்தில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட பாட் முயற்சிகளைத் தடுத்ததாக வால்மார்ட் சொன்னது. நாம் 'வாங்கு' பட்டனைத் தேடுவதற்குள் முகவரி, கார்டு எண் எல்லாம் நிரப்பி பில் போட்டுவிடும் நிரல்தான் பாட்.

எல்லோரும் பாட்டைத் திட்டினார்கள். எனக்கென்னவோ அது வெறும் கருவிதான் என்று தோன்றுகிறது. ஆயிரம் டாலருக்கு ஆள் இருக்கிற பொருளை 499-க்கு விற்றால், நடுவில் 500 டாலர் தரையில் கிடக்கிறது. யாராவது குனிந்து எடுக்கத்தான் செய்வார்கள்.

சரி, சோனியே விலையை ஏற்றியிருக்கலாமே? ஆரம்பத்தில் அந்த 499 டாலர் பெட்டியை நட்டத்துக்குத்தான் விற்றது. லாபம் அப்புறம் வாங்கப்படும் கேம்களில். அதற்குப் பெட்டி நிறைய வீடுகளுக்குப் போக வேண்டும். யாரோ ஒருவர் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்த பத்துப் பெட்டிகள் ஒரு கேம்கூட வாங்காது. ஆனால் கடைக்கு? மனிதன் வாங்கினாலும் பாட் வாங்கினாலும் கல்லாவில் விழுவது அதே பணம். அந்த ஜப்பான் கடைகளை நான் மெச்சுவது அதனால்தான்.

2023 ஜனவரியில்தான், இனி சுலபமாகக் கிடைக்கும் என்று சோனி அறிவித்தது.

[திரை: ஸ்விட்ச் 2.]

2025-இல் ஸ்விட்ச் 2 என்ற புதிய கன்சோலை விற்க, இன்னொரு கேம் நிறுவனமான நின்டெண்டோ வேறு வழியில் போனது. ஜப்பானில் தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் வைத்தது. கலந்துகொள்ள, பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும். இலவச கேம், டெமோ எல்லாம் கணக்கில் வராது. கட்டண ஆன்லைன் சந்தாவும் மொத்தம் ஓராண்டு இருந்திருக்க வேண்டும். ஒரே இரவில் ஆயிரம் கணக்கு தொடங்கும் பாட், ஒவ்வொன்றிலும் 50 மணி நேரத்தைப் பழைய தேதியில் எப்படிக் காட்டும்? அப்படியும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்.

இன்னொரு பூட்டும் இருந்தது. 2025-இல் வெளியானபோது, ஜப்பானிய மொழி மட்டுமே உள்ள பதிப்பு 49,980 யென், பல மொழிப் பதிப்பு 69,980 யென். மலிவானதை அள்ளி வெளிநாட்டில் விற்க நினைத்தால் அங்கே வாங்குபவருக்கு மெனுகூடப் புரியாது.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. முதல் முறையாகக் கன்சோல் கேட்கும் பிள்ளைக்கு அந்த 50 மணி நேரம் எங்கிருந்து வரும்? அந்த வீட்டார் மற்ற கடைகளின் குலுக்கலில்தான் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.