பெட்டிக்குள் அடங்கும் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிளைப் பேருந்தில் கொண்டு போக முடியுமா என்று கேட்டால் நமக்கு முதலில் பேருந்தின் கூரைதான் நினைவுக்கு வரும். கயிறு போட்டுக் கட்டிய சைக்கிள், பக்கத்தில் கேரட் மூட்டை, முட்டைக்கோஸ் மூட்டை. இப்போது பல பேருந்துகளில் கூரைக் கேரியரே இல்லை. ரயிலில் என்றால் லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்து, கோணி சுற்றி, சரக்கு ஏற்றும் பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். அதனால்தான் நீலகிரிக்குச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சைக்கிள் ஓட்டுவதற்காக மலைக்கு ஒரு கார் கூடுதலாக ஏறுகிறது. சீசன் நேரத்தில் குன்னூர் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த மலை இன்னும் எத்தனை காரைத் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நான் பேச வந்த சைக்கிளுக்குக் கார் வேண்டாம். வளைந்த ஹேண்டில், ஒல்லி டயர், கியர் எல்லாம் உள்ள முழு அளவு சைக்கிள்தான். ஆனால் அதன் பிரேம் நடுவில் இரண்டாகப் பிரியும். பிரித்து ஒரு பெட்டியில் அடுக்கி, கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

மடக்கு சைக்கிள் வேறு. அதில் பெரும்பாலும் சக்கரமே சின்னது. மடக்கும் பிரேமிலும் முழுச் சக்கரம் வைத்தது உண்டு. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் நடுவில் மடங்கும் சைக்கிள் செய்து கொடுத்தது. அதே பி.எஸ்.ஏ. பெயரில்தான் பிறகு அம்பத்தூரில் செய்த சைக்கிள்களை நாம் ஓட்டினோம். நான் சொல்வது மடங்குவது அல்ல, தனித்தனியாகக் கழன்று வருவது.

அளவைச் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். பெட்டி 26 அங்குலம் நீளம், 26 அங்குலம் அகலம், 10 அங்குலம் கனம். மூன்றையும் கூட்டினால் 62 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 158 சென்டிமீட்டர். பல விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை அதுதான். அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்தச் சைக்கிளே உருவானது. காற்றடித்த சக்கரத்தின் குறுக்களவு 67, 68 சென்டிமீட்டர் வரும், பெட்டியோ 66 தான். அதனால் காற்றை முழுதாக இறக்கினால்தான் டயர் அமுங்கி உள்ளே போகும். ரயிலில், ஸ்லீப்பர் பெட்டியில் கூடவே எடுத்துச் செல்லும் பெட்டிக்கு 100 சென்டிமீட்டர், 60, 25 என்று அளவு வைத்திருக்கிறார்கள். நீளத்தில் நமக்கு நிறைய மிச்சம், அகலத்தில் 6 சென்டிமீட்டர் கூடுதல். இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "இணைத்த இடத்தில் உடைந்துவிடாதா?" ஓட்டுகிற நேரத்தை விட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம்தான் எனக்கு அதிகம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சொல்லச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஒரு முறை நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து, மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஓரமாக உட்கார்ந்து சைக்கிளின் பாகங்களை இணைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள்ளிருந்து சைக்கிள் வந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? ஆட்டோக்காரர்கள், டீக்கடைக்காரர், மலை ரயிலுக்கு நின்ற குடும்பங்கள். எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் மட்டும் பேசாமல் குனிந்து அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் செட் ரிப்பேர் செய்கிறவராம். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங் தம்பி, இது யூனியன் தானுங்க?" என்றார்.

அதேதான். கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்ட வசதியாக, குழாயின் நடுவில் ஒரு யூனியன் போடுவோம் அல்லவா? இரண்டு பக்கமும் முகம் பார்த்து உட்காரும், மேலே ஒரு பெரிய நட் வந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். என் சைக்கிளில் இருப்பது அமெரிக்காவின் எஸ் அண்ட் எஸ் என்ற நிறுவனம் செய்யும் இணைப்பு. யூனியனுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்: சேரும் இரண்டு முகத்திலும் சரிவான பற்கள் இருக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று கவ்வி உட்காரும். பெடலை மிதிக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும் இல்லையா, அந்த முறுக்கைத் தாங்குவது பல். பல்லைப் பிரியவிடாமல் இழுத்து வைத்திருப்பது நட். ஒன்றின் வேலையை மற்றது செய்வதில்லை. இணைக்கும் இடத்தில் உலோகம் குழாயை விடத் தடிமன், அதனால் அந்த இடம் பிரேமில் பலவீனமான இடமே அல்ல.

பெரியவர் இதை நான் சொல்வதற்கு முன்பே விரலால் பல்லைத் தடவிப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஸ்பேனரை வாங்கினார். நட்டை இரண்டு சுற்றுக் கழற்றி, மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மரையில கிரீஸ் இருக்குதுங்க, சரி. பல்லு மேலயும் தடவுங்க. கிரீஸ் இல்லாம இறுக்குனா இறுகுன மாதிரி கைக்குத் தெரியும், இறுகியிருக்காது" என்றார். இது நூற்றுக்கு நூறு உண்மை. இறுக்கும் பலமெல்லாம் உராய்விலேயே போய்விடும், நட் இழுத்துப் பிடிக்காது. அப்புறம், "மண்ணு பட்டா முகம் உக்காராதுங்க, பிரிச்சு வைக்கையில துணி கட்டுங்க" என்றார். அன்றிலிருந்து பிரித்த முனைகளுக்குப் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுகிறேன். குழாய்களுக்கும் அதே துணிதான் உறை. பிளாஸ்டிக் சுற்றி எடுத்து வந்து நம் மலையில் போட எனக்கு மனம் வராது.

மீண்டும் சொல்கிறேன், ஓட்டிக்கொண்டே இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவர்கள் இருக்கலாம்: கிரீஸ், சுத்தம், இறுக்கம். பூட்டி நாலைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஸ்பேனரை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பற்கள் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் இடம் கொடுக்கும். கல்லாறு பாக்குத் தோப்பு நிழலில் நின்று நான் இதைச் செய்வேன்.

இன்னொரு வகையும் உண்டு. மலை சைக்கிள்களின் முன்னோடிகளில் ஒருவரான டாம் ரிச்சி செய்தது. குழந்தையை உட்கார வைப்போமே, அந்த பார் சீட் கம்பம் இருக்கும் இடத்தில் பிரியும். கீழ்க்குழாய், பெடல் அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் கிளாம்பில் பிரியும். சீட் கம்பமே மேல் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். இதில் கூடுதல் எடை குறைவு. ஆனால் ஏற்கெனவே உள்ள இரும்பு பிரேமை வெட்டி இணைப்பு வைத்துக்கொள்வதற்கு எஸ் அண்ட் எஸ் வகைதான்.

பெட்டிக்குள் எதற்கு மேல் எதை வைப்பது என்பதைப் படம் இல்லாமல் சொன்னால் குழப்பம்தான், விட்டுவிடுகிறேன். காதால் கேட்டே நினைவில் வைக்கக்கூடியவை சில உண்டு. இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இது எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும். ஸ்பேனர்களை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள்ளேயே போடுங்கள். விமான நிலையத்தில் சோதனைக்குப் பெட்டியைத் திறப்பார்கள், அடுக்கிய நிலையைப் புகைப்படம் எடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால் திறந்தவர் அதைப் பார்த்து அடுக்கிவிடுவார். அப்புறம் காற்று. இந்த டயர்களின் வால்வு பெரும்பாலும் மெல்லியது, பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று உண்டு, சட்டைப்பையில் கிடக்கட்டும். எல்லா டயரிலும் காற்றை இறக்கித்தானே வந்திருக்கிறோம்!

ஏற்றம் பற்றி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல், குன்னூர் 1850. சுமார் 33 கிலோமீட்டரில் 1500 மீட்டர் ஏற வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயிலுக்கே பல் தண்டவாளம் போட்ட மலை இது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். விடியுமுன் கிளம்ப வேண்டாம். கல்லாறு, பர்லியார், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை, எல்லாமே யானை நடமாடும் இடங்கள். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பர்லியாரில் நின்று பழம் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

கோத்தகிரிச் சாலை, ஊட்டிக்கு அப்பால் உள்ள சாலைகள் எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இறக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் வழியெல்லாம் அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்தி, விட்டுவிடுங்கள். நடுவில் நின்று ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பிரேம் பிரிவதால் பின் பிரேக் கேபிளிலும் ஒரு சின்னத் திருகு இணைப்பு இருக்கும், அதை விரலால் இறுக்கி, பிரேக்கை முழுப் பலத்தோடு நாலு முறை அழுத்திப் பாருங்கள். குன்னூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். நன்றி, வணக்கம்.