யார் கூற்று?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இலக்கியப் பாடம் நமக்குத் தந்தது மதிப்பெண்ணா, மனிதரைப் பார்க்கும் கண்ணா? கண்தான் என்று பேச வந்திருக்கிறேன். "திணை, துறை, கூற்று என்று மனப்பாடம் செய்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம்" என்றார் எதிரணித் தோழி. நான் பி.காம். படித்தவன். முதல் இரண்டு வருடம் பகுதி ஒன்று தமிழை நானும் அப்படித்தான் உருப்போட்டேன். ஆனால் அந்தக் கூற்று, அதாவது பாட்டில் பேசுவது யார் என்ற கேள்வி, மட்டும் என்னை விடவில்லை.

குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் கட்டித் தயிரைப் பிசைகிறாள். விரல் துடைத்த சேலையைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் பாடுபட்டு வைத்த புளிக்குழம்பை 'இனிது' என்று கணவன் சாப்பிட, அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று', வெளியே தெரிந்தும் தெரியாமலும் மகிழ்ந்தது.

சரி, இதைச் சொல்வது யார்? கணவன் இல்லை, அவளும் இல்லை. வளர்த்த செவிலி அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறாளோ என்று தவிக்கும் தாய்க்கு 'நல்லா இருக்கா' என்ற ஒரு சொல் எப்படிப் போதும்? அதனால்தான் அழுக்குச் சேலை வரைக்கும் சொல்கிறாள். கேட்பவள் யாரென்று தெரிந்த அன்றுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது.

இன்று ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் வயதான அம்மா ஒருவர் மகனோடு வந்தார். "பென்ஷன் பணம் மொத்தத்தையும் எடுக்கணும்னு அம்மா சொல்றாங்க" என்றார் மகன். அம்மா வாயே திறக்கவில்லை. பாஸ்புக்கின் ஓரத்தை மடக்கி மடக்கி நீவிக்கொண்டிருந்தார். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரிடமே கேட்டேன்: "உங்களுக்கு எவ்வளவும்மா வேணும்?" கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "ஐந்நூறு போதும்யா. மிச்சம் கிடக்கட்டும்."

நடுவர் அவர்களே, பேசுகிறவர் குரலில் இருப்பது யாருடைய சொல் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வங்கிப் பயிற்சியில் வரவில்லை. "இது யார் கூற்று?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டுக் கேட்டு, எங்கள் தமிழாசிரியர் பழக்கிவிட்டது அது. எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி.