காகத்துக்கு வலை விரித்த ஊரில்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

அயல்நாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கோவில்கள், பூங்காக்கள், செர்ரிப் பூக்கள் ஆகியவற்றின் படங்களை நீங்கள் ஏற்கெனவே கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். டோக்கியோவில் நான் வாழ்ந்த பதினோரு ஆண்டுகளில் அந்த நகரம் தன்னை எனக்குத் திறந்து காட்டிய இடங்கள் இரண்டு. ஒன்று அடுப்படி, மற்றொன்று குப்பை வைக்கும் முற்றம்.

நான் குடியிருந்தது நகரின் கிழக்கோரத்தில் எதொகவா வட்டத்தைச் சேர்ந்த நிஷிகசாய். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் தேதி குழம்பிவிடும் என்று உலகமே அஞ்சிய காலத்தில், அதைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். வங்கிகள் நிறைந்த நிஹொன்பாஷிக்கும் ஒதெமாச்சிக்கும் அங்கிருந்து சுரங்க ரயிலில் நேராகப் போய்விடலாம். அரசு சார்ந்த குடியிருப்புகளில் வீடு எடுக்க ஜப்பானியர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டியதும் இல்லை. அந்த ரயில் தடத்தின் பெயர் ‘தோசாய்’. கிழக்கு மேற்கு என்பது அதன் பொருள். முதல் வாரத்தில் அந்தப் பெயரைப் பார்த்துப் பசியெடுக்காத தமிழரை நான் சந்தித்ததில்லை.

சைவ உணவுக்காரனாகப் போனவன் நான். “மீன் உண்டா?” என்று கேட்டால், உணவகத்துப் பணியாளர் கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டு “இல்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழம்பின் அடியில் ‘தாஷி’ என்னும் சாறு இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, இழைப்புளியில் இழைப்பதுபோல் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு அது. பால் சேர்க்கவில்லை என்று விருந்தாளியிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டே பருப்பில் நெய்யை ஊற்றுகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும். ஒரு சமையலின் அடித்தளம் அதைச் சமைப்பவர் கண்ணுக்கு ஒரு பண்டமாகவே தெரிவதில்லை.

இதைச் சொன்னபோது எனக்கு வியப்பூட்டியவர் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர். அந்தக் கட்டையை முகர்ந்து பார்த்ததும், “இது நம்ம ஊரு மாசிதானே!” என்றார். மாலத்தீவிலிருந்து கடல்வழியே வந்து தூத்துக்குடிச் சமையலிலும் யாழ்ப்பாணச் சம்பலிலும் சேர்ந்த மாசிக் கருவாடும் சூரையை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வதுதான். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து நான் அந்நியம் என்று மூக்கைச் சுளித்த மணம், என் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எனக்குக் கிடைத்திருக்கும். தாஷியில் சேரும் கொம்பு என்ற கடற்பாசியை ஆராய்ந்துதான் பேராசிரியர் இகெதா கிகுனாயெ 1908இல் ‘உமாமி’ என்ற சுவைக்குப் பெயர் சூட்டினார். எனக்குக் கைகொடுத்ததும் அந்தப் பாசிதான். பௌத்த மடங்களின் சமையலில் மீனை விலக்கி, கொம்பையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்தே சாறு எடுப்பார்கள். அதைக் கற்றபின் நான் பட்டினி கிடந்ததில்லை.

அரிசியைப் பற்றி ஒரு சொல். அவர்களுடைய குட்டை அரிசி ஒட்டிக்கொள்ளும். ரசம் ஊற்றினால் நமக்கு ஒத்துவராது. தயிர்சாதத்துக்கோ பொன்னியே அதனிடம் தோற்றுவிடும். குளிர்காலத்தில் பொங்க மறுத்த இட்லி மாவை, போர்வை போர்த்திய ‘கொதாத்ஸு’ என்ற சூடேற்றும் மேசைக்கடியில் வைத்துப் புளிக்கவைத்தோம். மாவுக்கு அருகே கால்களை நீட்டியபடி கணக்குப் பாடம் எழுதுவான் என் மகன்.

இனிக் குப்பைக்கு வருகிறேன். எரியும் குப்பை வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டு மணிக்குள். பிளாஸ்டிக் பாட்டிலை மூடி கழற்றி, தாள் உரித்து, அலசித் தனியே வைக்க வேண்டும். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. சூடாக இருக்கும்போதே ஒரு தூளைக் கலந்து மெழுகுபோல் உறையவைத்துத்தான் எறிய வேண்டும். அந்தத் தூள் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருவது என்று அறிந்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. எல்லாவற்றையும் வைத்தபின் மூட்டைகளின்மேல் வலையை இழுத்து மூட வேண்டும். காகங்களுக்காகத்தான் அந்த வலை. அங்குள்ளவை நம் அண்டங்காக்கையின் இனம். பையைக் கிழித்துத் தெருவெங்கும் இறைத்துவிடும். 2001இல் பெருநகர அரசு அவற்றைப் பிடித்து ஒழிக்கும் திட்டத்தையே தொடங்கியது.

என் தந்தை காலமான ஆண்டில் ஆடி அமாவாசை வந்தது. நான் வேறெதையும் யோசிக்கவில்லை. குளித்துவிட்டு, எள் கலந்த சோற்றை உருட்டி, ஐந்தாம் மாடியின் பால்கனிச் சுவரில் வைத்து, நம் ஊரில் அழைப்பதுபோலக் குரல் கொடுத்தேன். இரண்டு காகங்கள் வந்தன. இங்கே காக்கைக்காக எத்தனையோ மணி நேரம் காத்துக் கிடப்போம். அங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: பறவைகளுக்கு உணவு வைப்பதைத் தவிர்க்குமாறு குடியிருப்போர் அனைவரையும் பணிவுடன் வேண்டுகிறோம். நூற்றிருபது வீடுகளில் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ‘அனைவரையும்’ என்றே எழுதியிருந்தது. அந்த நாட்டின் கண்டிப்பும் கனிவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போய், விவரத்தைச் சொன்னேன். அவர் காகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். ஆகஸ்டு 13 முதல் 16 வரை நாட்டின் பெரும்பகுதியில் ‘ஓபோன்’. முன்னோர் வீடு திரும்பும் நாட்கள். என்னை உள்ளே அழைத்துக் காட்டினார். வெள்ளரிக்காயில் நான்கு குச்சிகள் செருகி ஒரு குதிரை. கத்தரிக்காயில் அவ்வாறே ஒரு மாடு. வரும்போது விரைந்து வரக் குதிரை, போகும்போது மெல்லப் போக மாடு என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை. சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தாதே என்று முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். இறந்தவர் தலைமாட்டில் வைக்கும் சோற்றுக்குத்தான் அப்படிக் குத்துவார்களாம். அன்று அதை வெறும் மேசை ஒழுக்கம் என்று குறித்துக்கொண்டவன், வாய்க்கரிசி போட்ட கை இது என்பதை மறந்திருந்தேன்.

ஓனோ சுசுமு என்ற அறிஞர் நம் பொங்கலையும் ஜனவரி நடுவில் வரும் அவர்களுடைய சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டு, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டதை இங்கே சிலர் நினைவுகூரக்கூடும். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியில்லை. ஒரு கத்தரிக்காய் மாட்டைப் பார்த்தவன் என்பதற்குமேல் என்னிடம் ஆதாரமும் இல்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு எள்ளுச் சோற்றை வீட்டுக்குள்ளேயே, தந்தையின் படத்துக்கு முன்னால், ஒரு வெள்ளரிக் குதிரையின் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் எரியும் குப்பை நாள். சோற்றுருண்டையைத் தாளில் பொதிந்து, மற்ற மூட்டைகளுக்கு மேலே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மின்கம்பியில் ஒரு காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வலையை எடுத்து எல்லாப் பக்கமும் இழுத்து மூடினேன். ஒரு மூலையைத் தவிர.