பாண்டா கரடிதான்

பெரியோர்களே, மாணவ நண்பர்களே,

பாண்டா கரடியா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. ஒரு விலங்கின் உடம்பில் பாட்டன் முப்பாட்டன் வழி வந்தது எது, தின்னும் தீனிக்காக உருவானது எது என்று பிரித்தறிவது அத்தனை கடினம்.

1869-இல் சீனாவின் சிச்சுவான் மலைப்பகுதியில் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கறுப்பு வெள்ளைத் தோல் ஒன்றைக் கண்டார். கரடி என்றே எழுதினார். மறு ஆண்டே பாரிசில் மில்ன்-எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து, இது சிவப்புப் பாண்டா என்ற சிறிய செந்நிற விலங்குக்கு உறவு என்றார். அன்று தொடங்கியது வாதம்.

மில்ன்-எட்வர்ட்ஸ் பக்கமும் நியாயம் இருந்தது. பாண்டாவின் முன்னங்காலில் ஐந்து விரல்களோடு ஆறாவதாகக் கட்டைவிரல் போல ஒன்று இருக்கும். உண்மையில் அது விரலே அல்ல. மணிக்கட்டில் உள்ள சின்ன எலும்பு ஒன்று பெரிதாகி, சதைத்திண்டு மூடி நிற்கிறது. அந்தத் திண்டுக்கும் விரல்களுக்கும் நடுவே மூங்கில் தண்டை இடுக்கிக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோலப் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மெல்லும். சிவப்புப் பாண்டாவுக்கும் இதே பொய்க் கட்டைவிரல் உண்டு, அதுவும் மூங்கில்தான் தின்னும். இரண்டும் ஒரே வம்சம் என்று யாருக்குத்தான் தோன்றாது?

1964-இல் அமெரிக்காவின் டுவைட் டேவிஸ் ஒரு பாண்டாவை உறுப்பு உறுப்பாக ஆராய்ந்து, கரடிதான் என்றார். அப்போதும் சிலர் ஒப்பவில்லை. பெரும்பாலான கரடிகளுக்கு, மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 74. பாண்டாவுக்கு 42 மட்டுமே. 1985-இல் ஸ்டீபன் ஓ'பிரையன் குழுவினர் அதையும் அவிழ்த்தார்கள். கரடியின் குரோமோசோம்களே ஒன்றோடொன்று ஒட்டி எண்ணிக்கையில் குறைந்திருந்தன! டிஎன்ஏ ஒப்பீடும் கரடி என்றே சொன்னது. பொய்க் கட்டைவிரல் இரண்டு வம்சங்களில் தனித்தனியாக முளைத்தது.

பாண்டாவின் வயிற்றைப் பார்த்தாலும் இதே கதைதான். ஊனுண்ணி வரிசைக்குரிய குட்டையான குடல். மூங்கிலின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் செரிக்கும் நொதிக்கு அதனிடம் மரபணு கிடையாது. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டுவதில்லை. அதனால்தான் நாளில் பாதி நேரம் வாய் ஓயாமல் தின்கிறது. குளிர்நாட்டுக் கரடிகள் பல கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பனிக்காலம் முழுக்க உறங்கும். இதற்கு அந்த வசதி இல்லை, பனியிலும் மூங்கிலைத் தேடி அலைந்தாக வேண்டும். குட்டியோ பிறக்கும்போது சுமார் 100 கிராம், தாயின் எடையில் ஏறத்தாழ 900-இல் ஒரு பங்கு!

சீனா 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி காட்டில் 1,864 பாண்டாக்கள். காடுகளைக் காத்ததன் பலனாக, 2016-இல் அருகிய இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி மீண்டது. சிவப்புப் பாண்டாவோ இன்று ஒரு தனிக் குடும்பம். நம் சிக்கிமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வாழ்கிறது. அது இன்னும் அருகிய இனமாகவே இருக்கிறது. பெரிய பாண்டாவை அறிந்த அளவுக்கு அதை நம் பிள்ளைகள் அறிவதில்லை. ஆசிரியர்கள் இந்த வாரமே வகுப்பில் அதன் படத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.