‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் பேச வாயெடுத்ததும் பலரும் தயங்கும் இடம் வினைச்சொல்தான். சொல்ல வந்தது தெரியும், வார்த்தையும் தெரியும், ஆனால் ‘கோ’ என்பதா, ‘வென்ட்’ என்பதா, ‘ஹேவ் கான்’ என்பதா என்று ஒரு நொடி நின்றுவிடுகிறோம். இலக்கணப் புத்தகத்தில் இதற்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை இருக்கிறது, அதை மனப்பாடம் செய்தவர்களும் இதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கம் போகாமல், நம் காதில் ஏற்கெனவே இருக்கும் தமிழை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

‘டிட் நாட் கேம்’ என்கிற தவறை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த விஷயம்தானே, ‘கேம்’ சரிதானே என்று தோன்றும். தமிழில் ‘வந்தேன்’ என்கிறோம், அதை மறுக்கும்போது ‘வரவில்லை’ என்கிறோம். ‘வந்தவில்லை’ என்று குழந்தைகூடச் சொல்லாது. ‘இல்லை’ வந்து ஒட்டியதும் வினை தன் காலத்தை விட்டுவிட்டு வெறும் ‘வர’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டுவிட்டது, பின்னால் வருவது வெறும் ‘கம்’. கேள்விக்கும் இதேதான்: ‘டிட் யூ ஸீ’, ‘டிட் ஹி கோ’.

அப்புறம் ‘ஐ ஆம் நோயிங்’. தெரியும், பிடிக்கும், வேண்டும், இந்த மூன்றையும் கொஞ்சம் யோசியுங்கள். ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது பேசுகிறோமா? ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ மூன்றும் அப்படித்தான், சாதாரணமாக ‘இங்’ ஏற்காது. ‘ஹேவ்’ மட்டும் இரண்டு முகம் காட்டும். சந்தேகம் ‘இருக்கிறது’ என்றால் ‘ஐ ஹேவ் எ டவுட்’, மதிய உணவு ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’. தமிழில் ‘கொண்டிரு’ வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ‘ஐ திங்க்’ என் கருத்து, ‘ஐ ஆம் திங்கிங்’ யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, தமிழ் நம்மை வழிதவற வைக்கும் இடமும் உண்டு, என்னைக் கேட்டால் கடினமான இடம் இதுதான். ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். நான் கண்ணால் பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்தது என்கிற பொருளும் அந்த ‘இருக்கிறார்’ என்பதில் ஒட்டியிருக்கிறது. ஆங்கில ‘ஹேஸ் கம்’ அந்த வேலையைச் செய்வதில்லை, வந்தவர் வந்ததன் விளைவு இப்போதும் இருக்கிறது என்பதுதான் அதன் சேதி. ‘யெஸ்டர்டே’ என்று முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் அங்கே ‘ஹேஸ்’ நிற்காது, ‘ஹி கேம் யெஸ்டர்டே’ என்பதுதான் சரி. நேரம் சொல்லாமல் ‘அவர் வந்திருக்கிறார், வாசலில் நிற்கிறார்’ என்றால் ‘ஹி ஹேஸ் கம்’ பொருந்தும்.

இதன் மறுபக்கம் ‘பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்கிற வாக்கியம். தமிழில் நிகழ்காலம் போதும். அதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று மாற்றினால் தவறாகிவிடும். முன்பே தொடங்கி இன்றுவரை நீள்வதால் ஆங்கிலம் இங்கே ‘ஹேவ்’ கேட்கிறது: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. பத்து வருஷம் என்று அளவு சொன்னால் ‘ஃபார்’, 2015லிருந்து என்று தொடக்கம் சொன்னால் ‘சின்ஸ்’.

‘அவர் வந்ததும் சொல்கிறேன்’ என்பதில் இன்னும் நடக்காத வருகைக்கு நாம் எதிர்காலம் போடுவதில்லை. ஆங்கிலத்திலும் அங்கே ‘வில்’ கிடையாது, ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ’.

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பி, ஹேவ், டூ, ஸே, மேக், கோ, டேக், கம், ஸீ, கெட் பத்துமே, கடைசியில் ‘ஈடி’ சேர்த்தால் இறந்தகாலம் என்கிற விதிக்கு அடங்காதவை. தினமும் வாயில் புரள்வதால் பழைய வடிவம் தேயாமல் தங்கிவிட்டது. ‘வென்ட்’ (went) உண்மையில் ‘வெண்ட்’ (wend) என்கிற வேறொரு வினையின் இறந்தகாலம், ‘கோ’ அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் படிக்காமல் கோ, வென்ட், கான் என்று மூன்றையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். முக்கியமாக ‘ரீட்’ என்கிற சொல்லை. எழுத்தில் மூன்று வடிவமும் ஒன்றேதான், பின்னிரண்டின் உச்சரிப்பு மட்டும் ‘ரெட்’ ஆகிறது. கண்ணால் மட்டும் படித்தால் அது பிடிபடவே படாது.