ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகள்: தணிக்கையில் தரவுப் பகுப்பாய்வு

அவைத் தலைவர் அவர்களுக்கும், தணிக்கைத் தொழிலில் பயிற்சி பெற்றுவரும் இளம் நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனைகளை மென்பொருளின் துணைகொண்டு கண்டறிவது பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறார்கள். மென்பொருள்களின் பெயர்களை அடுக்குவதைக் காட்டிலும், எல்லோரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஓர் அறிக்கையை முன்வைத்துப் பேசுவது பயன்தரும் என்று கருதுகிறேன். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்து, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) அளித்து, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட செயல்திறன் தணிக்கை அறிக்கையே அது.

அந்த அறிக்கையிலிருந்து செய்தித்தாள்கள் பெரிதாக எடுத்துப் போட்டது ஒரு கைபேசி எண்ணை. 7,49,820 பயனாளிகளின் பெயர்களுக்கு நேரே 9999999999 என்ற ஒரே எண் பதிவாகியிருந்தது. அட்டவணையின் ஒரு பத்தியில் (column) திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளைத் தொகுத்து எண்ணினாலே இது தெரிந்துவிடும். பயனாளியை அடையாளம் காண்பது ஆதாரைக் கொண்டுதான், கைபேசி எண் தகவல் அனுப்புவதற்கு மட்டுமே என்று அரசுத் தரப்பு விளக்கியது. எண் பொய் என்பதாலேயே ஆளும் பொய் என்று ஆகிவிடாது என்ற அளவில் அந்த விளக்கத்தில் பொருள் உண்டு.

என் பார்வையில் அதைவிடச் சிறந்த சோதனை ஒன்று அதே அறிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியின் அடையாள எண்ணையும் எடுத்துக்கொண்டு, அவருடைய சிகிச்சைகளைத் தேதி வரிசைப்படுத்தி, முந்தைய சிகிச்சையிலிருந்து வெளியேறிய தேதியை அடுத்த சிகிச்சைக்குச் சேர்ந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளியேறுவதற்கு முன்பே மீண்டும் சேர்ந்ததாகப் பதிவானவர்கள் 48,387 பேர். அவர்கள் பெயரிலான காப்பீட்டுக் கோரிக்கைகள் 78,396. இதற்கு, இத்திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் ஏற்கத்தக்க ஒரு காரணம் சொன்னது: ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள வேறொரு மருத்துவமனைக்கு மாற்றும்போது, தாயின் அடையாள எண்ணிலேயே சிகிச்சை பதிவாகிறது.

இங்கேதான் தணிக்கையாளரின் கைவண்ணம் தெரிகிறது. சொல்லப்பட்ட காரணத்தையே அடுத்த சோதனையாக மாற்றலாம். தாயின் எண் என்றால் பாலினப் பத்தியில் பெண் என்றுதானே இருக்க வேண்டும்? அந்தப் பட்டியலில் ஆண் நோயாளிகள் 23,670 பேர் இருந்ததாக அறிக்கை காட்டுகிறது. அவர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கவும் கூடும். ஆனால் எந்த மருத்துவமனையின் எந்தப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிடுகிறது.

நிறுவனத் தணிக்கையிலும் முறை இதுவே. குறிப்பேட்டுப் பதிவுகளை (journal entries) சோதிக்க வேண்டும் என்று, மோசடி குறித்த தணிக்கைத் தரநிலை 240 வலியுறுத்துகிறது. ஆண்டு முடிந்தபின் போடப்பட்டவை, வழக்கமாகப் பதிவு செய்யாதவர் செய்தவை, விளக்கம் ஏதுமின்றி ஆயிரம், லட்சம் என்று சில்லறையில்லாத தொகையாக நிற்பவை என்று பிரித்தெடுக்க மென்பொருளுக்குச் சில நொடிகள் போதும். ஆயினும் இவற்றுள் ஒன்றை மட்டும் ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து குவியும், அவற்றில் பெரும்பாலானவை நேர்மையானவையாகவே இருக்கும். இரண்டு மூன்று தன்மைகள் ஒருங்கே பொருந்தும் பதிவுகளை மட்டும் கேட்பதே விவேகம். இத்தகைய மேடைகளில் தவறாமல் காட்டப்படும் பென்ஃபோர்டு விதியை நான் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கிறேன்: இயல்பாகத் திரண்ட தொகைகளில் முதல் இலக்கம் ஒன்றாக இருப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு, ஒன்பதாக இருப்பது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. விலையோ உச்சவரம்போ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட கணக்குகளில் அது செல்லாது என்பதைப் படம் காட்டுபவர்கள் பலர் சொல்வதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: கையிலுள்ள தரவு முழுமையானதா என்று பார்ப்பது. 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கி பொறுப்பேற்கும் உறுதிக் கடிதங்கள், வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் செய்தி அமைப்பின் வழியே இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குச் சென்றன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளான கோர் பேங்கிங் அமைப்பில் அவை பதியப்படவேயில்லை. இரண்டு அமைப்புகளும் அப்போது இணைக்கப்பட்டிருக்கவில்லை. கோர் பேங்கிங் தரவை மட்டும் எவ்வளவு நுட்பமான மென்பொருளில் இட்டு அலசியிருந்தாலும், அதில் இல்லாத கடிதத்தை அது எப்படிக் காட்டும்?

ஆகவே தரவு கைக்கு வந்தவுடன், வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் பேரேட்டோடும் (ledger) இருப்பாய்வோடும் (trial balance) ஒத்துப்பாருங்கள். வவுச்சர் வரிசை எண்களில் இடைவெளி உண்டா என்று தேடுங்கள். வாடிக்கையாளர் தரும் கோப்பை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், அது பிரித்தெடுக்கப்படும்போது உடனிருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தடப் பதிவை ஆண்டின் இடையில் எவரேனும் நிறுத்தி வைத்தார்களா என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடுங்கள்.