உத்தரமும் உத்திரமும்

(காரைக்குடியில் கிறிஸ்தவ இளைஞர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய பெரியோர்களே, தம்பிமார்களே, தங்கைமார்களே!

அழைப்பிதழில் என் தலைப்பை ‘விசுவாசக் கோட்டையைக் காப்போம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மதில்மேல் ஈட்டியோடு நிற்கச் சொல்வதுபோல் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. நின்று காக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து பேசத்தான் தெரியும். ஆகவே திண்ணைக் கதையையே சொல்கிறேன்.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். பேரேட்டைப் புரட்டும் கை அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. அண்ணன் சுயமரியாதைக்காரர், கடவுள் இல்லை என்பவர். முப்பது ஆண்டுகளாக என்னை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டு, வாரம் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார். இன்றைக்கு நான்தான் அழைத்தேன். முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

அவர் முதலில் கேட்டது கணக்குக் கேள்விதான். “வாத்தியாரே, இயேசு உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போன பெண்களின் கணக்கை உங்கள் சுவிசேஷக்காரர் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பேரேட்டில் இரண்டு பெண்கள், ஒன்றில் மூன்று, ஒன்றில் இன்னும் சிலர், ஒன்றில் ஒருத்தி மட்டும். ஐந்தொகை எப்படி ஐயா நேராகும்?”

சரியான கேள்வி. மத்தேயுவில் இரண்டு மரியாள்கள், மாற்குவில் சலோமேயும் சேர்ந்து மூவர், லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். அன்று என்னிடம் பதில் இல்லை. ‘விசுவாசித்தால் புரியும்’ என்று சொல்லி நழுவினேன். அது பதிலே அல்ல, கடையை மூடிவிட்டுப் போவது. வீட்டுக்கு வந்து யோவான் 20ஆம் அதிகாரத்தை எழுத்தெண்ணிப் படித்தேன். தனியாகப் போனதாகச் சொல்லப்படும் அதே மரியாள் ஓடிவந்து, அவரை வைத்த இடம் ‘எங்களுக்கு’ தெரியவில்லை என்கிறாள். எனக்கு என்று சொல்லவில்லை. கூட ஆட்கள் இருந்திருக்கிறார்கள், யோவான் ஒருத்தியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார்.

மறுநாள் இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “நாலு குறிப்பேடும் காலணா பிசகாமல் ஒத்திருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறான் என்று எங்கள் கடையில் சந்தேகப்படுவோம். இது அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவு தனித்தனி என்பதால் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஆகாது” என்றார். அதுவும் சரிதான். நம் பிரசங்கிமார் அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு நாள் நானாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாற்கு 16ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி என்ற நான்காம் நூற்றாண்டின் பழைய கையெழுத்துப் படிகள் இரண்டிலும் இல்லை. அவற்றில் மாற்கு 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது: பெண்கள் ‘பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்.’ இதை நான் சொன்னதும் அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. “பிற்பாடு வேறு கை எழுதியிருக்கிறது, உன் வாயாலேயே சொல்கிறாய்!” என்றார். ஆமாம், என் வாயாலேயேதான். அவர் வேறெங்கோ படித்து வந்து என் முன் போடும்வரைக்கும் நான் மறைத்து வைத்திருந்தால், பிறகு நான் காட்டும் எந்த ஏட்டை அவர் நம்புவார்?

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இயேசுவைப் புகழ்ந்து எழுதியதாக மேடைதோறும் முழங்குகிறோமே, அந்தப் பத்தியிலும் பின்னாளில் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அதை விட்டுவிடுங்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்து நம்மை வெறுத்தவர். அவரே பேரரசர் திபேரியு காலத்தில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். சிலுவை நடந்தது என்பதற்கு அது போதும். உயிர்த்தெழுதலுக்கு அது சாட்சி ஆகாது. இரண்டையும் ஒரே பற்றுச்சீட்டில் எழுதாதீர்கள்.

இளைஞர்கள் சிலர் ஓரியூரைச் சொல்வார்கள். தேவகோட்டை தாண்டிப் போனால் வந்துவிடும். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற பாதிரியார் தம் விசுவாசத்துக்காக அங்கே தலை வெட்டுண்டு இறந்தார். அந்தச் சிவந்த மண்ணை நானும் நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அண்ணனிடம் அதைச் சொன்னபோது, “கொள்கைக்காக உயிர் விட்டவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு” என்றார். அருளானந்தர் பொய் சொல்லவில்லை என்பதற்குத்தான் அந்த இரத்தம் சாட்சி, அவர் சொன்னது உண்மை என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் நாத்திகத்தை விட்டு வந்து ‘இயேசு காவியம்’ பாடியதையும் வெற்றிக் கொடியாகத் தூக்குகிறோம். ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதியவரும் அவரேதான். அவரை விட்டுவிடலாம்.

இனி, நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனத்துக்கு வருகிறேன். பேதுருவின் முதல் நிருபம், 3ஆம் அதிகாரம், 15ஆம் வசனம்: ‘உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக்கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.’ இங்கே ‘உத்தரவு’ என்றால் விடை, மறுமொழி. உத்தரம் என்ற சொல்லின் உறவு. கிரேக்க மூலத்தில் அது வழக்குமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் சொல்லும் எதிர்வாதத்தைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் தமிழில் உத்தரவு என்றால் கட்டளை என்று ஆகிவிட்டது. நம்மில் பலர் வசனத்தையும் அந்தப் புதுப் பொருளிலேயே படித்துவிட்டோம் போலும். கேட்டவருக்கு விடை சொல்லாமல் உத்தரவு போடுகிறோம். கூண்டில் நிற்பவன் நீதிபதிக்கு உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்?

இதற்குப் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கிறது: உத்திரம். செட்டிநாட்டாருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பர்மாத் தேக்கில் இழைத்த உத்திரங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை உணராமல்’ சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்ப்பதென்ன என்று இயேசு கேட்டது அந்த மரத்தைத்தான். உத்தரம் சொல்லப் போகிறவன் முதலில் உத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர் அவர். அந்நாளில் நம்மவர்கள் சைவத்தை இழித்துத் துண்டுப் பிரசுரங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1854இல் நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். தூபம், தீபம், படையல், அபிஷேகம் என்று எங்கள் கோயிலைப் பழிக்கிறீர்களே, இவையெல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டில் இல்லையா என்று வேதத்தைக் கொண்டே மடக்கினார். வைதவர்களைவிட வேதத்தை அவர் நன்றாகப் படித்திருந்தார். முதலில் வைதது யார் என்பதை நாம் மேடையில் சொல்வதில்லை.

அண்ணனும் ஒருமுறை உத்திரத்தின் மேலேயே கை வைத்தார். “செத்த பிறகும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், நடுவில் சுவர். இது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன, உங்களுக்கும் தெரியும். ‘எந்தச் சபையில் குறை இல்லை’ என்று நான் இழுத்தபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு உத்தரம் சொல்ல வாய் போதாது, கடப்பாரை வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா என்று அண்ணனிடம் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அவர் வீட்டு ஆச்சி நோயில் கிடந்தபோது நாங்கள் ஜெபக்கூட்டம் வைத்து ஜெபித்தோம். ஆச்சி போய்விட்டார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, “உன் ஜெபம் எங்கே போயிற்று, வாத்தியாரே?” என்று கேட்டார். என்னிடம் தயாராக ஒரு விடை இருந்தது. மனிதனின் சுயாதீனம், பாவத்தில் விழுந்த உலகம், நமக்கு எட்டாத தெய்வ சித்தம். பத்து நிமிடம் தங்குதடையின்றிச் சொன்னேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போனார். நாலு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த நாலு மாதத்தில்தான் வேதத்தில் யோபுவின் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். எல்லாவற்றையும் இழந்து தவித்தவன் அவன். அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு வாயைத் திறந்து தேவனுக்காக வாதாடினார்கள், அதிகாரம் அதிகாரமாக. முடிவில் கர்த்தர் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல, தமக்காக வாதாடிய அந்தச் சிநேகிதர்கள் மேல். எனக்கு வியர்த்துவிட்டது.

ஒரு மாலை போய்த் திண்ணையின் மறுமூலையில் உட்கார்ந்தேன், ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் அப்படியே. எத்தனை நாள் என்று எண்ணவில்லை. ஒருநாள் வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பதில் தெரியாது என்று அன்று சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் ஏற்கனவே கையைத் தூக்கிவிட்டார். தம்பி, அந்த மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.